டீசல் காரில் மைலேஜ் குறைந்தால், புகை வந்தால் எங்கிருந்து பார்ப்பது?

ஈரோட்டில் நான்கு டீசல் கார்களை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவன் நான். மெக்கானிக் இல்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடமாக டிரைவர்களிடமிருந்து இரண்டே புகார்தான் திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, மைலேஜ் வரமாட்டேங்குது." "அண்ணா, பின்னாடி புகை அடிக்குது." பாதி நேரம் இரண்டும் ஒரே கோளாறு. சைலன்சரில் கறுப்பாகப் போவது, நாம் காசு கொடுத்து ஊற்றிய டீசல்.

இங்கே எழுதியிருப்பது சிஆர்டிஐ (பொதுக் குழாயில் அதிக அழுத்தத்தில் டீசலை வைத்துப் பீய்ச்சும்) இன்ஜின் கார்களுக்கு. ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா என்று பல கம்பெனிகளின் போனட்டுக்குள் இருந்த 1,248 சிசி மல்டிஜெட் முதல் இன்றைய பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் வரை இது பொருந்தும். ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே காசு செலவில்லாத சோதனை முதலில், இன்ஜினைப் பிரிக்கிற வேலை கடைசியில். அந்த வரிசையை மாற்ற வேண்டாம். நான் ஒருமுறை மாற்றிப் பார்த்துத் தண்டம் அழுதிருக்கிறேன், அந்தக் கதை கறுப்புப் புகைப் பகுதியில் வரும்.

## முதலில்: மைலேஜ் நிஜமாகவே குறைந்ததா?

டேஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்பி எதையும் கழற்றாதீர்கள். அது பெரும்பாலும் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டியே காட்டும். டேங்க் டு டேங்க் கணக்குதான் சரி. பம்பில் துப்பாக்கி தானாக நிற்கும் வரை டீசல் அடித்துவிட்டு டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். குறைந்தது 300 கி.மீ. ஓடியபின் அதே பங்க்கில், அதே துப்பாக்கியில், அதே பக்கம் நிறுத்தி மறுபடி தானாக நிற்கும் வரை அடியுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ்.

இப்படி இரண்டு முறை பார்த்தும் குறைவாகவே வந்தால் மேலே படியுங்கள். 18 தந்த வண்டி 15 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கி.மீ. ஓடினால் கிட்டத்தட்ட 17 லிட்டர் கூடுதல் செலவு. லிட்டர் 92 ரூபாய் என்றாலும் 1,500 ரூபாய்க்கு மேல் போகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அந்தக் கணக்கில் மாதத்துக்கு 45 கிலோ கூடுதல்.

## அறிகுறி 1: புகை இல்லை, பிக்கப்பும் குறையவில்லை, மைலேஜ் மட்டும் போச்சு

இன்ஜின் மேல் சந்தேகப்படாதீர்கள். வண்டி ஓட்டத்தை ஏதோ ஒன்று இழுத்துப் பிடிக்கிறது.

டயர் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் அளவுதான் வேதம். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். 33 இருக்க வேண்டிய டயர் 25இல் ஓடுவது சர்வ சாதாரணம். கூடவே, மேலே கேரியர் மாட்டியிருந்து சாமான் ஏற்றுவதில்லை என்றால் கழற்றி வையுங்கள். ஹைவேயில் அது காற்றைப் பிடித்து இழுக்கும்.

பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா? பத்து கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெதுவாக நிறுத்துங்கள். நான்கு வீல் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட அனலாக அடித்தால் அந்த வீலின் பிரேக் காலிப்பரை நகரவிடும் கம்பி (பின்) இறுகியிருக்கிறது, அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் திரும்பவில்லை. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் போதும், வீல் மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலை.

தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குக் கூலண்ட் போகாமல் தடுக்கும் வால்வு). இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஒருமுறை ஹீட் ஆனால் போதும், "வால்வைக் கழட்டி விட்டுட்டேன் சார், இனி ஜென்மத்துக்கும் ஹீட் ஆகாது" என்பார்கள். ஆகாதுதான், சூடாக வேண்டிய அளவுக்கும் ஆகாது. இன்ஜின் குளிராகவே இருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு நினைத்துக்கொண்டு டீசலைக் கூட்டியே விட்டுக்கொண்டிருக்கும். சோதனை எளிது. பதினைந்து நிமிடம் ஹைவேயில் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவில்லை, அல்லது இறக்கத்தில் சட்டென்று கீழே விழுகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது உள்ளே அது இல்லவே இல்லை. முள் இல்லாத வண்டியில் ஓபிடி டாங்கிளை (இன்ஜின் அளவுகளை மொபைலுக்கு அனுப்பும் சின்னக் கருவி) செருகி மொபைலில் பாருங்கள். 80 டிகிரியைத் தாண்டவில்லையா? மாற்றிவிடுங்கள். செலவு சின்னது. பலன் அடுத்த டேங்க்கிலேயே தெரியும்.

கிளட்ச். நான்காவது கியரில் 50இல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் சிலிப் ஆகிறது. இதற்கு வொர்க்‌ஷாப்தான்.

ஓட்டுகிற கால். இதில் எனக்கு ஒரு தீராத சண்டை உண்டு. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. அதில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று என் டிரைவர் ஒருவர் சத்தியமே செய்வார். ஒருநாள் டாங்கிளைச் செருகி மொபைலை அவர் கண்ணெதிரே வைத்தேன். இரண்டாவது கியரில் கால் எடுத்து இறங்கும்போது இன்ஜெக்‌ஷன் அளவு 0. நியூட்ரலுக்குப் போன மறு நொடி ஐடில் டீசல் ஓட ஆரம்பித்தது. கியரில் இறங்கும்போது வீல்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, அதனால் டீசலே தேவையில்லை. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் வேண்டும். பிரேக் காய்ந்து போவது தனிக்கதை. ஏசி போட்டு வண்டியை நிறுத்திவைத்துத் தூங்குவதும் இதே கணக்குதான், மணிக்கு அரை லிட்டருக்கு மேல் சும்மா கரையும்.

## அறிகுறி 2: மிதித்தால் கறுப்புப் புகை, பிக்கப் குறைவு

டீசல் உள்ளே போகும் அளவுக்குக் காற்று போகவில்லை. காற்றுப் பாதையை முதலில் பாருங்கள், டீசல் பாதை அப்புறம்.

### அ. ஏர் ஃபில்டர்

கழற்றி வெயிலில் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். செங்கல் சூளை, மண் ரோடு பக்கம் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் செல்லாது, பாதியிலேயே மாற்ற வேண்டும். ஏர் பிடித்து ஊதி மறுபடி மாட்டுவது ஒருமுறைக்குச் சரி. பேப்பர் கிழிந்தால் தூசி நேரே, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் போகும்.

### ஆ. டர்போ ஹோஸ்

இதில்தான் நான் ஏமாந்தேன். 2019இல் ஒரு செடான், ஒரு லட்சத்துச் சொச்சம் கி.மீ. ஓடியது. நாலாவது கியரில் ஏற்றத்தில் மிதித்தால் பின்னால் வருகிற பைக்காரர் முகம் மறையும் அளவுக்குப் புகை. காட்டிய இடத்தில் நான்கு இன்ஜெக்டரும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவி) போய்விட்டது என்றார்கள். இரண்டை மாற்றினேன். புகை அப்படியே இருந்தது. கடைசியில் சத்தியமங்கலம் ரோட்டோர மெக்கானிக் ஒருவர் ஸ்கேனரே இல்லாமல் கண்டுபிடித்தார். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில், க்ளாம்புக்குக் கீழே, விரல் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. வண்டி நிற்கும்போது மூடியே இருக்கும், டர்போ காற்று ஏறியதும் மீன் வாய் போலத் திறக்கும்.

அவர் பார்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன். முதலில் துணியால் ஹோஸ் முழுவதும் துடைத்தார். ஒரு நாள் ஓட்டிவரச் சொன்னார். மறுநாள் எங்கே எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். டர்போ காற்றில் எப்போதும் லேசாக ஆயில் ஆவி இருக்கும், ஓட்டை உள்ள இடத்தில் அது கசிந்து அடையாளம் போட்டுவிடும். அப்புறம் இன்னொருவரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொல்லி, ஃபேனுக்குத் தள்ளிக் கையை வைத்து 'உஸ்' சத்தத்தைக் கேட்டார். அவ்வளவுதான்.

கூடவே டர்போவுக்குப் போகும் சுண்டுவிரல் தடிமனுக்கும் குறைவான வாக்குவம் குழாய்களையும் தடவிப் பாருங்கள். தோப்பில், வயலோரம் நிறுத்தும் வண்டியில் எலி கடிப்பது வாடிக்கை. குழாய் அறுந்தால் டர்போ வேலை செய்யாது. வண்டி ஓடும், உயிர் இருக்காது.

### இ. ஏர் ஃப்ளோ சென்சார்

ஏர் ஃபில்டர் பெட்டியை அடுத்து, குழாயில் ஒரு கனெக்டருடன் நிற்கும். இன்ஜினை அணைத்து அந்தக் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். செக் லைட் எரியும், பரவாயில்லை. பிடுங்கியபின் பிக்கப் கூடினால் சென்சார் தப்பான அளவு சொல்கிறது. அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்துக் காயவிடுங்கள். பெட்ரோலில் நனைத்த பிரஷ் போட்டுத் தேய்த்தால் சென்சார் அன்றே செத்தது. எண்ணெய் தடவிய ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் மாட்டிய வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

### ஈ. ஈஜிஆர் வால்வு

புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்துவது இதன் வேலை. சிட்டிக்குள் மட்டும் ஓடும் வண்டியில் கரி கட்டி, திறந்தபடி மாட்டிக்கொள்ளும். ஸ்கேனரில் கேட்ட அளவும் திறந்த அளவும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டும் ஒட்டவில்லை என்றால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கார்ப் கிளீனர், பழைய டூத் பிரஷ், ஒரு மதியம். மோட்டார் பக்கம் நனையக் கூடாது. மாட்டும்போது கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள்.

தகடு வைத்து ஈஜிஆரை அடைத்துவிட்டால் பிக்கப் பிய்க்கும் என்று சொல்ல ஆள் இருப்பார்கள். கறுப்புப் புகை குறையும், உண்மை. அதற்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். சட்டப்படியும் தப்பு. நான் செய்வதில்லை.

### உ. இன்ஜெக்டர்

மேலே சொன்ன நான்கும் சரியாக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். முதலில் டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று பாருங்கள். அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தித் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர்தான் இன்ஜெக்டரைக் கொல்லும் முதல் எதிரி.

அடுத்து ரிட்டர்ன் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒரே அளவு பிளாஸ்டிக் டியூபை நான்கு பாட்டிலுக்கு விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓடவிட வேண்டும். மூன்று பாட்டிலில் விரற்கடை அளவும் ஒன்றில் அரை பாட்டிலும் நிரம்பினால் அந்த ஒன்றுதான் தேய்ந்த இன்ஜெக்டர். நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் இந்தப் பாட்டில்களைக் காட்டச் சொல்லுங்கள். பீசோ வகை இன்ஜெக்டர் உள்ள வண்டியில் மட்டும் இதை வீட்டில் செய்யாதீர்கள், அதற்கு ரிட்டர்னிலும் அழுத்தம் வேண்டும்.

இங்கே நிறுத்துங்கள்: ஓடும் இன்ஜினில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உள்ள இரும்புக் குழாய் நட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. பழைய லாரியில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்த பழக்கத்தில் செய்வார்கள். இதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வலி கூட உடனே தெரியாது. அப்படிப் பட்டால் நேரே ஆஸ்பத்திரிதான். இன்ஜெக்டரை டீசல் பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பாருங்கள். புதிது போட்டால் அதன் மேல் எழுதியிருக்கும் கோட் எண்ணை ஸ்கேனரில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். ஏற்றாவிட்டால் புதிய இன்ஜெக்டரிலும் புகை வரும்.

## அறிகுறி 3: வெள்ளைப் புகை

### காலையில் மட்டும், கண் எரிகிறது, டீசல் வாடை

எரியாத டீசல். ஹீட்டர் பிளக்கை முதலில் பாருங்கள். சமவெளியில் ஒன்றிரண்டு செத்திருந்தாலும் வண்டி கிளம்பிவிடும். ஊட்டிக்குப் போய் இரவு நிறுத்தினால் காலையில் குட்டு வெளிப்படும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிளக்கின் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக் தலையிலும் மறு முனையை இன்ஜின் உடம்பிலும் வையுங்கள். ஒரு ஓம் சுற்றியோ அதற்குக் கீழோ காட்டினால் நல்லது. எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. கழற்றுவதை மெக்கானிக்கிடம் விடுங்கள், பலமாகத் திருகினால் பிளக் உடைந்து பாதி ஹெட்டுக்குள் நின்றுவிடும். பிளக் எல்லாம் சரி, ஆனாலும் புகை என்றால் ஒழுகும் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன் குறைவு.

### நாள் முழுவதும், கூலண்ட் குறைகிறது

இது தண்ணீர். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்தபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் நுரை இருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு) சந்தேகம். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீர்கள், வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

## அறிகுறி 4: நீலப் புகை, ஆயில் குறைகிறது

முதல் கேள்வி: ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா? குச்சியை எடுத்துப் பாருங்கள். அடுத்து, பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றுவது) கரி கட்டி அடைத்திருக்கிறதா?

இரண்டும் இல்லையென்றால் டர்போவுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் அசையக் கூடாது, இறக்கை சுவரில் உரசிய கோடும் இருக்கக் கூடாது. இருந்தால் டர்போ கடைக்கு. ஹைவேயில் 100இல் வந்து டோல் ஹோட்டலில் நின்ற நொடியே சாவியைத் திருகும் பழக்கம் டர்போவைச் சீக்கிரம் தின்றுவிடும். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

டர்போ நன்றாக இருந்தால், ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாக அந்த ஓட்டை மேலேயே வையுங்கள். லேசாக நடுங்கினால் பயமில்லை. குதித்து விழுந்தால் பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று கீழே போகிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிட்டு மெக்கானிக்கோடு உட்கார்ந்து பேச வேண்டிய கட்டம் இது. அந்தச் செலவுக்கு வண்டி தகுமா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அவசரம்: டர்போ சீல் முழுதாகப் போனால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துத் தானாக உறுமி ஏறும். சாவியை அணைத்தாலும் நிற்காது. கியர் வண்டியில் பிரேக்கை முழுதாக மிதித்து, கடைசி கியரைப் போட்டு, கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்துங்கள். முடியாவிட்டால் இறங்கி விலகுங்கள். ஏர் பைப்பைக் கையால் அடைக்கப் போகாதீர்கள்.

## அறிகுறி 5: புகையே இல்லை, டிபிஎஃப் விளக்கு எரிகிறது

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல்களில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி (டிபிஎஃப்) இருக்கிறது. கரி நிறைந்ததும் அதை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு மூன்று கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் அது எரிய நேரமே கிடைக்காது.

விளக்கு நிலையாக எரிந்தால் ஹைவேயில் ஏறி, ஒரு கியர் குறைத்து 2,000 ஆர்பிஎம்முக்கு மேல், 60க்குக் குறையாமல் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். நிறுத்தும்போது ஐடில் வழக்கத்தைவிட ஏறி, ஃபேன் ஓடி, காந்தல் வாடை வந்தால் எரிப்பு பாதியில் இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டு அணையுங்கள். காய்ந்த புல், சருகு மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். விளக்கு மின்னினாலோ, கூடவே செக் லைட் வந்து வண்டி இழுக்காவிட்டாலோ சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வைத்துத்தான் எரிக்க வேண்டும்.

எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியில் அளவு *ஏறினால்* சந்தோஷப்படாதீர்கள், உடனே ஆயில் மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் ஆயில்தான் ஊற்ற வேண்டும், மிச்சம் பிடிக்கிற இடமில்லை. ஆட்புளூ (நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் திரவம்) ஊற்றும் வண்டியென்றால் அது தீர்வதற்கு முன் ஊற்றிவிடுங்கள், தீர்ந்து அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நீல மூடியில்தான் ஊற்ற வேண்டும். டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் சாவியைக் கூடப் போடாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: வண்டி நன்றாக ஓடுகிறது, புகைச் சோதனையில் மட்டும் தோல்வி

டீசல் வண்டியை நின்ற இடத்தில் முழுதாக மிதிக்கவிட்டுப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பிஎஸ்-4 வண்டிக்கு எல்லை 1.62, அதற்கு முந்தையதற்கு 2.45. வாரக் கணக்கில் டவுனுக்குள் ஊர்ந்த வண்டியைக் குளிர்ந்த இன்ஜினோடு கொண்டுபோனால் சைலன்சரில் படிந்த கரியெல்லாம் அந்த நிமிடம்தான் வெளியே வரும். இருபது கி.மீ. நல்ல வேகத்தில் ஓட்டிச் சூட்டோடு போங்கள். இது ஏமாற்று இல்லை, சோதனையே சூடான இன்ஜினில்தான் எடுக்க வேண்டும்.

அப்படியும் தோற்றால் அறிகுறி 2-க்குத் திரும்பி ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். டீசலில் ஊற்றுகிற 'புகை குறைக்கும்' பாட்டில்களை நான் மூன்று விதம் வாங்கிப் பார்த்தாயிற்று, ஒன்றிலும் ரீடிங் அசையவில்லை. காசு கொடுத்தால் வண்டியைக் காட்டாமலே சான்றிதழ் தருகிறவர்கள் கண்ணில் படலாம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ரோட்டில் புகை விட்டுப் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும்.

ரீடிங் தாளைத் தூக்கி எறியாதீர்கள். நான் ஒவ்வொரு வண்டியின் ஆர்சி கவருக்குள்ளும் பழைய தாள்களை அடுக்கி வைத்திருக்கிறேன். சொன்னேனே, அந்தச் செடான்: ஹோஸ் மாற்றுவதற்கு முன் 1.58, மாற்றியபின் 0.71. இரண்டு இன்ஜெக்டர் வாங்கிய பில்லும் அதே கவரில்தான் இருக்கிறது.